எழுத்துச் சுருக்கத்தை ஒவ்வொரு தாளிலும் விளக்க வேண்டுமா?

தெற்குவாடிக்காரி:

பாம்பனில் எங்கள் நாட்டுப்படகுச் சங்கத்துக்கு வாராவாரம் ஒரு தாள் எழுதிக் கொடுக்கிறேன். ஏலக்கூடச் சுவரில் ஒட்டுவார்கள், வாட்ஸ்அப்பிலும் போகும். காற்று எச்சரிக்கை, கடன் விவரம், கடற்கரையில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று சொல்லும் சிஆர்இசட் விதிக்கான கூட்டம் என்று எல்லாம் அதில் உண்டு. ஒட்டும் முன் சங்கத்தில் கணக்குப் பார்க்கும் மாமா ஒருவர் வாசிப்பார். சுருக்கங்களுக்குப் பக்கத்தில் நான் போடும் விளக்கத்தை மட்டும் பேனாவால் அடித்துவிடுகிறார். "சிஆர்இசட் தெரியாதவன் கடற்கரையில் இருக்கானா? சின்னப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி எழுதினா பெரியவங்களுக்குக் கோபம் வரும்" என்பது அவர் கட்சி.

பாதி சரிதான். ஐஎம்பிஎல் என்று எழுதினால் ராமேசுவரம் தீவில் யாருக்கும் விளக்க வேண்டாம். இலங்கையோடு செய்த 1974, 1976 ஒப்பந்தங்கள் கடலில் போட்ட அந்த எல்லைக் கோட்டைத் தாண்டியதாகப் பிடிபட்டவர் இல்லாத தெரு இங்கே குறைவு. சிஆர்இசட் அப்படியில்லை. பெயரை எல்லோரும் சொல்வார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். போன கூட்டத்தில் மேசை மேல் வரைபடத்தை விரித்தார்கள். எச்டிஎல், எல்டிஎல், என்டிஇசட் என்று கலர்கலராகக் கோடுகள். என் பெரியம்மா கோயிலில் விரலை வைத்து, அங்கிருந்து தெருத்தெருவாக நகர்த்தித் தன் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார். அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு போனது. "இது என்னய்யா?" என்றார். "எச்டிஎல்மா" என்று பதில் வந்தது. அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒருமுறை விளக்கி எழுதிவிட்டால் போதுமா, ஒவ்வொரு தாளிலும் எழுதணுமா? மாமாவுக்கு என்ன பதில் சொல்வது?

கச்சான்காத்து:

தங்கச்சி, மாமாவை ஒரேயடியாக ஒதுக்காதே. நான் தங்கச்சிமடத்தில் விசைப்படகு டிரைவர். விஎச்எஃப் வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனலில் கூப்பிடும்போது முழுப் பெயரை நீட்டிச் சொல்ல நேரம் கிடையாது. கருவிப் பெட்டி மேலும் அந்த எழுத்துதான் அச்சடித்திருக்கிறது. அதனால் எழுத்தை எடுத்துவிட்டு அரசாணைத் தமிழில் நீளமாக எழுதினால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. எழுத்து இருக்கட்டும்.

ஆனால் மீன் கிடைக்கக்கூடிய இடத்தைச் சொல்லும் பிஎஃப்இசட் விஷயத்தில் உன் பக்கம்தான். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அனுப்பும் அந்தத் தகவலில் நம் இறங்குதளத்திலிருந்து திசை, தூரம், ஆழம் எல்லாம் இருக்கும். புதுப்பையன்கள் சாட்டிலைட் மீனையே பார்த்துச் சொல்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பார்ப்பது கடல் மேல்மட்டத்தின் சூட்டையும் பச்சையத்தையும். இரை சேருகிற இடத்தில் மீன் வரும் என்று ஒரு கணிப்பு. மேகம் மூடினால் தகவல் வராது, தடைக்காலத்திலும் வராது. வராத அன்றைக்கு மீன் இல்லை என்று அர்த்தம் இல்லை. பெயரை விரித்து எழுதுவதற்குப் பதில் இதை எழுது.

மண்டபம் கேம்ப்:

டிரைவர் அண்ணன் சொன்னதற்கு என் பங்குக்கு ஒன்று. நான் வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். கேசிசி முகாமுக்கு நோட்டீஸ் அடிக்கும்போது, மக்களுக்குப் புரியட்டும் என்று யாரோ 'கிசான் கிரெடிட் கார்டு, அதாவது உழவர் கடன் அட்டை' என்று விரித்துப் போட்டிருந்தார்கள். கடற்கரையிலிருந்து ஒருவரும் வரவில்லை. "அது வெள்ளாமைக்காரங்களுக்கு சார்" என்றார்கள். 2018-19-லேயே அந்தத் திட்டம் மீனவர்களுக்கும் மீன்வளத்தில் உள்ள மகளிர் குழுக்களுக்கும் விரிந்துவிட்டது. டீசல், ஐஸ், ஆள் கூலிக்கு அதில் கடன் உண்டு. அந்த நோட்டீஸில் விரிவாக்கம் சரி, ஆனால் படித்தவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆய்வு மாணவன்:

மாற்றுக் கருத்து. நான் கோவைப்பக்கம், மண்டபத்தில் கடல் உயிரியல் ஆராய்ச்சி செய்கிறேன். இங்கே வந்து சேர்ந்தபோது சிபியுஇ, எம்எஸ்ஒய் என்று மீன்பிடிக் கணக்குச் சுருக்கங்களிலேயே சீனியர்கள் பேசுவார்கள், யாரும் நிறுத்தி விளக்கியதில்லை. தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு துறைக்குள் வருகிறவருக்கு அந்த உழைப்பு வேண்டும். எல்லாவற்றையும் விளக்கினால் இரண்டு பக்கம் நாலு பக்கம் ஆகிவிடும், அப்புறம் யாரும் படிக்கமாட்டார்கள்.

தெற்குவாடிக்காரி:

தம்பி, நீ அந்தத் துறைக்குள் தேடி வந்தாய். பெரியம்மா சிஆர்இசட்டுக்குள் வரவில்லை, சிஆர்இசட்தான் அவர் வீட்டுக்குள் வந்தது. நூலகமும் கம்ப்யூட்டரும் உனக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அவருக்கு இருப்பது ஏலக்கூடச் சுவர். உங்கள் கட்டுரையில் முதல் பக்கத்தில் ஒருமுறை விரித்து எழுதிவிட்டுப் போகலாம், படிக்கிறவர் முதல் பக்கத்திலிருந்து வருவார். எங்கள் தாளுக்கு முதல் பக்கம் கிடையாது. போன வாரத் தாள் கிழிந்திருக்கும், அல்லது கருவாடு மடிக்கப் போயிருக்கும். அதனால் ஒவ்வொரு வாரமும் எழுதத்தான் வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

பக்கம் கூடும் என்பது நியாயமான பேச்சு. அதற்கு வழி, டிரைவர் அண்ணன் சொன்னபடி பெயரை விரிப்பதை விட்டுவிடுவதுதான். எழுத்து அப்படியே, பக்கத்தில் அது நமக்கு என்ன செய்யும் என்று இரண்டொரு வரி. படகில் வைக்கும் ஆபத்து அறிவிப்புப் பெட்டியான டிஏடி-க்கு இப்படி எழுதியிருக்கிறேன்: 'ஆபத்தில் பொத்தானை அமுக்கினால் சாட்டிலைட் வழியாகக் கடலோரக் காவல்படைக்குச் செய்தி போகும். பழைய பெட்டியில் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று படகில் தெரியாது. புதுப்பெட்டியில் பதில் வரும்.' மாமாவிடம் காட்டினேன். அடிக்கவில்லை. "நம்ம படகுல இருக்கிறது எந்தப் பெட்டி?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றாமலே வெளியே போனார்.

ஐஎம்பிஎல்-லுக்கு மட்டும் விளக்கம் கிடையாது. மாமாவுக்கு அந்த ஒரு வெற்றி இருக்கட்டும்.

என்டிஇசட்தான் பாக்கி. எவ்வளவு சுருக்கினாலும் பத்து வரி வருகிறது.

ஆய்வு மாணவன்:

சரிக்கா, ஒத்துக்கொள்கிறேன். என்டிஇசட்டுக்கு இப்படிப் போட்டுப் பாருங்கள்: 'கடல் பெருகி ஏறும் எல்லைதான் எச்டிஎல். கிராமப்புறக் கரையில் அங்கிருந்து ஊர்ப்பக்கம் 200 மீட்டர் வரை என்டிஇசட், புதுக் கட்டடத்துக்குத் தடை உள்ள இடம். 2019 அறிவிக்கைப்படி, 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்த ஊருக்கு அது 50 மீட்டர். அனுமதியோடு கட்டிய பழைய வீட்டைப் பழுதுபார்க்கலாம். கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது: நம் ஊருக்கு 50-ஆ, 200-ஆ?'