ஆரம்பப் பிரிவில் மாணவர் தலைமைத்துவம்: சின்னம் சூட்டிய பிறகு பிள்ளைக்கு என்ன வேலை?

நேரசூசி எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு சர்வதேசப் பாடசாலையின் ஆரம்பப் பிரிவுக்கு இணைப்பாடவிதானச் செயற்பாடுகளைத் திட்டமிட வேண்டியிருக்கிறது. 1ஆம் ஆண்டு தொடக்கம் 6ஆம் ஆண்டு வரை, ஆண்டுக்கு இரண்டு வகுப்பு, வகுப்புக்கு 16 பிள்ளைகள்.

இப்போது உள்ள ஒழுங்கு இதுதான். 6ஆம் ஆண்டில் 12 பேரை ஆசிரியர்கள் மாணவத் தலைவர்களாகத் தெரிவுசெய்கிறார்கள். சின்னம் சூட்டும் வைபவம் வடிவாக நடக்கும். அதற்குப் பிறகு வரிசையில் கதைக்கிற பிள்ளையின் பெயரைக் கொப்பியில் எழுதுவதுதான் அவர்களுடைய முழு வேலை. அதே ஆண்டின் மற்ற 20 பேருக்கும், கீழ் வகுப்புகளுக்கும் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம், 40 நிமிடம், செயற்பாட்டுக்கு என்று ஒதுக்கியிருக்கிறது. அது பெரும்பாலும் வீட்டுவேலை முடிக்கிற நேரமாகிவிடுகிறது.

தை மாதத்திலிருந்து மாற்றலாம் என்று அதிபர் சொல்லியிருக்கிறார். எந்த வயதில் என்ன பொறுப்புக் கொடுக்கலாம்? மாணவர் மன்றம் இந்த வயதுக்குச் சரிவருமா? மாணவத் தலைவர் முறையை வைத்திருப்பதா, எடுப்பதா? செய்து பழகியவர்கள் நுணுக்கமாகச் சொல்லுங்கள்.

---

வேம்படி நிழல் எழுதியது:

ரீச்சர், மன்றத்தில் தொடங்காதீர்கள். வகுப்பறையில் தொடங்குங்கள். கூட்டம் நடத்தத் தெரிவதற்கு முன்னால், ஒரு வேலையைப் பொறுப்பெடுத்து மறக்காமல் செய்து முடிக்கப் பழக வேண்டும்.

16 பிள்ளைகளுக்கு 8 வேலை, வேலைக்கு இருவர். வரவு இடாப்பை அலுவலகத்துக்குக் கொண்டுபோதல், மின்விசிறியும் விளக்கும், வாசிப்புப் பெட்டி, செடிகளுக்குத் தண்ணீர், தவறவிட்ட பொருள்கள், பென்சில் திருத்தும் மேசை, சாப்பாட்டு நேரக் குப்பை பிரித்தல், வராத பிள்ளைக்கு அன்றைய தாள்களை எடுத்துவைத்தல். கடைசி வேலையைச் சிறியதென்று விட்டுவிடாதீர்கள். மற்றவனை நினைத்துச் செய்கிற வேலை அந்த எட்டில் அது ஒன்றுதான்.

இரண்டு கிழமைக்கு ஒருதரம் மாற்றுங்கள். ஒரு கிழமை என்றால் வேலை பிடிபடும்போதே கைமாறிவிடும், ஒரு தவணை முழுக்க என்றால் சலித்துவிடும். 12 கிழமைத் தவணையில் ஆறு சுற்று வரும், ஒரு பிள்ளை எட்டில் ஆறு வேலையைச் செய்துவிடும். கைமாறும் வெள்ளிக்கிழமை 10 நிமிடம் ஒதுக்கி, பழைய சோடி புதிய சோடிக்குச் செய்து காட்டவேண்டும். ஆசிரியர் விளக்கக்கூடாது. தனக்குத் தெரிந்ததை இன்னொருவருக்கு விளங்கச் சொல்வதில்தான் 6 வயதுப் பிள்ளைக்குத் தலைமைத்துவம் தொடங்குகிறது.

ஒவ்வொரு வேலைக்கும் உள்ளங்கை அளவில் ஓர் அட்டை, அதில் மூன்று படம், மூன்று படி. 1ஆம், 2ஆம் ஆண்டுக்கு எழுத்தே வேண்டாம்.

பெரும்பாலும் பிழை நடப்பது ஓரிடத்தில்: பிள்ளை மறந்ததும் ஆசிரியர் தானே மின்விசிறியை நிறுத்திவிடுகிறார். இரண்டு முறை அப்படி நடந்தால் அது ஆசிரியரின் வேலையாகிவிடும். அட்டையைக் கையில் கொடுத்து, பேசாமல் நில்லுங்கள். போதும்.

---

குடவோலை எழுதியது:

மன்றம் சரிவரும், ஆனால் 3ஆம் ஆண்டிலிருந்து. எட்டு வகுப்பு, வகுப்புக்கு இருவர், மொத்தம் 16 பேர். அதற்கு மேல் போனால் கதைக்கிற ஐந்து பேரும் கேட்கிற மிச்சப் பேரும் என்று ஆகிவிடும்.

இருவரையும் வாக்கால் தெரிவுசெய்யாதீர்கள். ஒருவரை வாக்கால், மற்றவரைச் சீட்டுக் குலுக்கி. வாக்கு மட்டும் என்றால் பந்து நன்றாக விளையாடுகிறவனும் பிறந்தநாளுக்கு எல்லாருக்கும் சொக்லேட் கொடுத்தவளும் ஒவ்வொரு முறையும் வருவார்கள். குலுக்கல் நமக்குப் புதிதல்ல. 10ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை முறை விரிவாக எழுதியிருக்கிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பிப்பது, பதவிக்காலம் 360 நாள், அண்மை மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரமுடியாது, கணக்குக் காட்டாதவர் தகுதியில்லை. 4ஆம், 5ஆம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதை வாசித்துக் காட்டிவிட்டு, நம்முடைய மன்றத்துக்கு எந்த விதியை எடுப்போம் என்று கேளுங்கள். ‘ஒருமுறை இருந்தவர் அடுத்தமுறை இல்லை’ என்ற விதியை அவர்களே கேட்டு வாங்குவார்கள். பதவிக்காலம் இரண்டு தவணைக்கு மேல் வேண்டாம்.

வாக்குக்கு: ஒரு நிமிடப் பேச்சு, கையால் வரைந்த அரை ஏ4 தாள் ஒன்று, அவ்வளவுதான். அச்சடித்த படம், இனிப்பு, பெற்றோரின் வட்ஸ்அப் பிரசாரம் எதுவும் கூடாது என்று முதலிலேயே வீட்டுக்கு அறிவித்தல் அனுப்புங்கள். வாக்குச்சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் படம் வையுங்கள். எண்ணும்போது வென்றவரின் பெயரை மட்டும் சொல்லுங்கள். 8 வயதில் ‘உனக்கு ஒரு வாக்கு’ என்று எல்லார் முன்னாலும் கேட்ட பிள்ளை அடுத்த முறை கை தூக்காது.

கூட்டம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, 30 நிமிடம், மூன்று விடயம் மட்டும். அதற்கு முதல்நாள் ஒவ்வொரு வகுப்பிலும் 15 நிமிட வகுப்புக் கூட்டம் கட்டாயம் நடக்கவேண்டும், இல்லாவிட்டால் பிரதிநிதி தன் விருப்பத்தையே கொண்டுவருவார். பிறிஸ்டல் போட் ஒன்றில் மூன்று நிரல் கீறுங்கள்: நாங்களே செய்யலாம், அதிபரிடம் கேட்கவேண்டும், முடியாது. மூன்றாவது நிரலில் காரணம் எழுதாமல் எதையும் போடக்கூடாது. அதிபர் ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். ‘மலசலகூடக் கதவுக்குக் கொளுக்கி வேண்டும்’ என்று கேட்டு, ஒரு கிழமையில் கொளுக்கி வந்தால், அந்த மன்றம் உயிரோடு இருக்கும். மூன்று கூட்டம் போய் ஒன்றும் நடக்கவில்லையென்றால் பிள்ளைகளுக்கு விளங்கிவிடும்.

தவணைக்கு 15,000 ரூபா போலச் சிறு தொகை ஒன்றையும் அவர்களுடைய முடிவுக்கே விடுங்கள். பணத்தை ஆசிரியர் வைத்திருக்கலாம், கணக்குப் புத்தகம் பிள்ளைகளின் கையில் இருக்கவேண்டும். தவணை முடிவில் அந்தக் கணக்கைக் காலைக் கூட்டத்தில் வாசிப்பார்கள்.

---

வேம்படி நிழல் எழுதியது:

3ஆம் ஆண்டுக்கு வாக்கெடுப்பு வேண்டாம் என்பது என் கருத்து. அந்த வயதில் வாக்கு என்பது ‘உனக்கு யார் நண்பன்’ என்ற கேள்விதான். 3ஆம், 4ஆம் ஆண்டுக்கு இருவரையும் குடத்திலிருந்து எடுங்கள். 5ஆம், 6ஆம் ஆண்டுக்கு நீங்கள் சொன்னபடி ஒருவர் வாக்கால், ஒருவர் குலுக்கலால்.

---

குடவோலை எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். அப்படிச் செய்தால் வாக்குச்சீட்டு வேலையும் நாலு வகுப்போடு முடிந்துவிடும்.

---

தாச்சிமறிப்பு எழுதியது:

மாணவத் தலைவர் முறையை எடுக்கத் தேவையில்லை, அவர்களுடைய வேலையை மாற்றுங்கள். பெயர் எழுதும் கொப்பியை அவர்களிடமிருந்து இன்றைக்கே வாங்கிவையுங்கள். 10 வயதுப் பிள்ளையிடம் தண்டிக்கும் அதிகாரம் கொடுத்தால் அது நண்பர்களைக் காப்பாற்றவும் பிடிக்காதவர்களை மாட்டிவிடவும் பழகும். பிள்ளையைக் குறைசொல்லிப் பயனில்லை, கொடுத்த வேலை அப்படி. விதி ஒன்றே போதும்: பார்க்கலாம், உதவலாம், பெரியவரிடம் சொல்லலாம், தண்டிக்கமுடியாது. சண்டையை விலக்கப் போகவும் கூடாது.

அந்த 12 பேரை மட்டும் வைத்திருக்கவும் வேண்டாம். 6ஆம் ஆண்டின் 32 பேரையும் எட்டுப் பேர் கொண்ட நாலு அணியாக்கி, ஓர் அணிக்கு மூன்று கிழமை ஒரு பொறுப்பு. தவணைக்குள் நாலு பொறுப்பையும் எல்லாரும் சுற்றிவருவார்கள். இடைவேளை விளையாட்டு, காலைக் கூட்டம் (தேவாரம், செபம், செய்தி, மைக், அறிவித்தல்), சின்னப் பிள்ளைகளோடு சோடி வாசிப்பு, விருந்தினரைக் கூட்டிச்சென்று காட்டுதல்.

இடைவேளை விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல பலன் வருவதும், ஆயத்தமில்லாமல் தொடங்கிக் குழம்புவதும் அதில்தான். ஒரு பெரிய பிள்ளைக்கு ஆறு சின்னப் பிள்ளைகள், அதற்கு மேல் இல்லை. தொடங்குமுன் 30 நிமிடமாக நாலு பயிற்சி: விளையாட்டை மூன்று வசனத்தில் விளக்குவது, வட்டத்தில் நிறுத்துவது, அழுகிற பிள்ளையை என்ன செய்வது, காயம் வந்தால் யாரைக் கூப்பிடுவது. விளையாட்டு நாலு போதும். ‘எவடம் எவடம் புளியடி புளியடி’ 1ஆம் ஆண்டுக்கு, கெந்திப்பிடித்தல் 2ஆம் ஆண்டுக்கு, கொக்கான் (கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது) மழை நாளுக்கு, தாச்சி (கிளித்தட்டு) 4ஆம் ஆண்டுக்கு மேல். தாச்சிக் கோட்டைச் சுண்ணாம்பால் போடாதீர்கள், கண்ணுக்குள் போனால் எரிக்கும், கயிறோ மணலோ போதும். மறிப்பவர் கோட்டை விட்டு இறங்குகிறாரா என்று பார்க்க ஒரு பிள்ளையை நடுவராக நிறுத்துங்கள், அதுவும் ஒரு பொறுப்பு.

பை ஒன்றில் இரண்டு கயிறு, சோக் கட்டி, துணிப்பந்து பத்து. துணிப்பந்துக்குள் புளியங்கொட்டை போடலாம். குன்றிமணி வேண்டவே வேண்டாம்: பந்து கிழிந்து, பிள்ளை கடித்து விழுங்கினால் கடும் நஞ்சு. பங்குனி, சித்திரை வெயிலில் 10 மணிக்குப் பிறகு வெட்டவெளி விளையாட்டை நிறுத்தி மர நிழலுக்கு மாற்றுங்கள்.

---

நேரசூசி எழுதியது:

மிக்க நன்றி எல்லாருக்கும். கொப்பியை வாங்கிவைக்கிறேன். இரண்டு கேள்வி மிச்சம். வெள்ளிக்கிழமை 40 நிமிடத்தில் கழகங்களை எப்படி அடக்குவது? ‘என் பிள்ளைக்கு ஏன் சின்னம் இல்லை’ என்று கேட்கும் பெற்றோருக்கு என்ன பதில்?

---

முளைக்கீரை எழுதியது:

கழகத்தை வருடம் முழுக்க வைக்காதீர்கள். எட்டுக் கிழமை, கழகத்துக்கு 16 பேர், பிள்ளை மூன்று விருப்பம் எழுதும், அதில் ஒன்று கிடைக்கும். எட்டாம் கிழமை கையில் ஏதாவது ஒன்று இருக்கவேண்டும்: சுவர்ச் சஞ்சிகை, 10 நிமிட நாடகம், ஒரு பாத்தி கீரை. அப்படி ஒன்று இல்லாத கழகம் நாலாம் கிழமையில் படம் பார்க்கும் கழகமாகிவிடும்.

தோட்டக் கழகத்துக்குப் பயிரைத் தவணைக்கு ஏற்றபடி தெரிவுசெய்யுங்கள். முளைக்கீரை 25 முதல் 30 நாளில் பிடுங்கலாம், எட்டுக் கிழமைக்குள் ஒருமுறை பிழைத்துப்போனாலும் மறுபடி விதைக்க நேரம் இருக்கும். வெண்டிக்கு முதல் காய் வரவே ஒன்றரை மாதம் போலாகும், முதல் கிழமையே விதைத்தால்தான் சரி. கீரை விதை மிகச் சிறியது, மணலோடு கலந்து தூவாவிட்டால் ஓரிடத்தில் குவிந்து முளைக்கும். மார்கழி மழையில் விதைத்தால் விதை அடித்துக்கொண்டு போய்விடும், தை பிறக்கட்டும். சனி, ஞாயிறு யார் தண்ணீர் விடுவது என்பதை விதைக்குமுன் முடிவுசெய்யுங்கள். தோட்டக் கழகங்கள் அழிவது பூச்சியால் அல்ல, விடுமுறையால்.

ஐப்பசி தொடக்கம் தை வரை டெங்கு நுளம்பு ஒழிப்பு அணி ஒன்று கட்டாயம் வேண்டும். முட்டை நுளம்பாவதற்கு 7 முதல் 10 நாள் போலாகும், அதனால் கிழமைக்கு ஒருமுறை, அதே நாளில், ஒரு கிழமையும் விடாமல் பார்க்கவேண்டும். பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப்பெட்டியின் பின்தட்டு, கூரைப் பீலி, பழைய ரயர், இளநீர்க் கோம்பை என்று பட்டியல் தாள் ஒன்று. பிள்ளைகள் பார்த்துக் குறிப்பார்கள், தண்ணீரைக் கொட்டுவதும் பாத்திரத்தை உரஞ்சுவதும் பெரியவர் வேலை. கொட்டினால் மட்டும் போதாது: இந்த நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தூரிகையால் உரஞ்சவேண்டும். பகலில் கடிக்கும் நுளம்பு என்பதால் நீளக் காலுறை போட்டுத்தான் போகவேண்டும்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை என்கிறீர்கள். யும்மாத் தொழுகைக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் அந்த நேரத்தோடு மோதுகிறதா என்று பாருங்கள். மோதினால் கழகத்தை வியாழனுக்கு மாற்றுங்கள், அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியொழுங்கு வேண்டாம்.

---

இருமொழி எழுதியது:

பெற்றோர் விடயத்துக்கு: முதல் பெற்றோர் கூட்டத்திலேயே சுழற்சி அட்டவணையைச் சுவரில் ஒட்டிக் காட்டுங்கள். ஏன் இல்லை என்று கேட்பவரிடம், உங்கள் பிள்ளையின் முறை இன்ன கிழமை, இன்ன வேலை என்று விரல் வைத்துக் காட்டலாம். சின்னத்தை ஆளுக்குக் கொடுக்காமல் வேலைக்குக் கொடுங்கள். பொறுப்பு முடிந்ததும் அது அடுத்தவரின் சட்டைக்குப் போகும். தேர்ச்சி அறிக்கையில் ‘தலைவி’ என்று எழுதாமல், செய்ததை இரண்டு வரியில் எழுதுங்கள்: ‘மூன்று கிழமை 1ஆம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினாள், விளங்காத சொல்லைப் படம் கீறி விளக்கினாள்.’

இதுவரை யாரும் தொடாத ஒன்று மொழி. ஆங்கில மொழிமூலப் பாடசாலையில் மைக்கைப் பிடிப்பது எப்போதும் வீட்டிலும் ஆங்கிலம் கதைக்கிற நாலைந்து பிள்ளைகள்தான். பேச்சு ஓட்டத்தைத் தலைமைத்துவம் என்று நாமே பிழையாக எடுத்துக்கொள்கிறோம். மன்றக் கூட்டத்தில் எந்த மொழியிலும் கதைக்கலாம் என்று முதல் விதியாகவே எழுதிவிடுங்கள். தலைமை தாங்குபவர் ஒவ்வொரு முடிவையும் இரண்டு மொழியிலும் திருப்பிச் சொல்லவேண்டும், முடியாவிட்டால் பக்கத்திலிருப்பவர் உதவலாம். குறிப்பெடுப்பவர்கள் இருவர், மொழிக்கு ஒருவர். இதற்கு மேலதிகமாகப் பத்து நிமிடம் போகும், போகட்டும்.

அதிபருக்கு எழுத்தில் நியாயம் காட்டவேண்டுமென்றால், ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரையைக் காட்டுங்கள்: தன்னைப் பாதிக்கும் விடயத்தில் பிள்ளை கருத்துச் சொல்லலாம், அதற்கு வயதுக்கேற்ற மதிப்புக் கொடுக்கவேண்டும். இலங்கை 1991இல் அதை ஏற்றுக்கொண்டது. ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதிய, பிள்ளைகளின் பங்கேற்பை அளக்கும் எட்டுப்படி ஏணியும் உதவும். அதன் அடி மூன்று படிகள், அதாவது ஆட்டுவித்தல், அலங்காரத்துக்கு நிறுத்தல், பேருக்கு வைத்தல், பங்கேற்பாகவே கணக்கில் வராது. சின்னம் சூட்டும் வைபவத்தை மட்டும் நடத்துகிற பாடசாலை எந்தப் படியில் நிற்கிறதென்று அதிபருக்கே தெரியும்.

---

நேரசூசி எழுதியது:

முதல் ஆறு கிழமை வகுப்பு வேலைகள் மட்டும், ஏழாம் கிழமை மன்றம், கழகங்கள் அடுத்த தவணை என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். குடவோலைக்கு உண்மையான ஓலையே பாவிக்கலாமா?

---

குடவோலை எழுதியது:

பாவிக்கலாம், ஓலைக்கு நமக்கு என்ன பஞ்சம். பச்சை ஓலையில் பேனை பிடிக்காது. பெட்டி இழைக்கிறவர்களிடம் காய்ந்த சார்வோலை வாங்கி, ஈர்க்கை நீக்கி, 2 சென்றிமீற்றர் அகலம், 8 சென்றிமீற்றர் நீளமாக வெட்டுங்கள், அழியாத மை மார்க்கரால் எழுதலாம். வாய் ஒடுங்கிய மண்குடம் நல்லது, உள்ளே பார்க்கமுடியாது. எல்லா ஓலையும் ஒரே அளவில் இருக்கவேண்டும், ஒரே பக்கமாக ஒருமுறை மடித்திருக்கவேண்டும். ஒன்று நீளமாக இருந்தால் எடுக்கிற கைக்குத் தெரிந்துவிடும். எடுப்பதற்கு 1ஆம் ஆண்டுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிடுங்கள். எடுத்த பிறகு குடத்தைக் கவிழ்த்து மிச்ச ஓலைகளை எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டுங்கள், தன் பெயரும் உள்ளே இருந்தது என்று ஒவ்வொரு பிள்ளையும் பார்க்கவேண்டும்.