கவுன்சில் தலைவரின் வாரக் குறிப்பில் இடம்பெறாத வேலைகள் எவை?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் இங்கிலாந்துக்குக் குடிவந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. எங்கள் பகுதிக் கவுன்சிலின், அதாவது உள்ளாட்சி மன்றத்தின், தலைவர், அந்தந்த வாரத்தில் தாம் கலந்துகொண்ட நிகழ்ச்சிகளைப் பற்றி இணையத்தில் தவறாமல் எழுதி வருகிறார். சென்ற வாரம் ஒரு தொடக்கப் பள்ளியில் மரக்கன்று நட்டதையும், வறியவர்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் தரும் உணவு வங்கியில் பொட்டலம் கட்டியதையும், கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சென்றுவந்ததையும், தன்னார்வலர்களோடு கால்வாய்க் கரையில் குப்பை பொறுக்கியதையும் படங்களோடு வெளியிட்டிருந்தார். இவற்றை நான் குறை கூறவில்லை. ஆனால் குப்பை அகற்றுவது முதல் வீட்டுவசதி வரை பொறுப்பேற்றிருக்கும் ஓர் அமைப்பின் தலைவர், அந்த வேலைகளை எப்போது பார்க்கிறார் என்பதே என் ஐயம். என் மகள் பள்ளிக்கு நடந்து செல்லும் சாலையில் பாதசாரிக் கடவை இல்லை. இத்தகைய நிகழ்ச்சி ஒன்றில் அவரைச் சந்தித்து இதைக் கேட்கலாமா, அல்லது அது முறையாகாதா?

முதல் பதில்:

நான் சில ஆண்டுகள் ஒரு கவுன்சிலில் கூட்ட நடவடிக்கைகளைப் பதிவு செய்யும் பணியில் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். நீங்கள் படங்களில் பார்ப்பது அவருடைய வாரத்தின் சிறு பகுதிதான். பெரும்பகுதி, படமெடுக்க எதுவுமில்லாத அறைகளில் கழிகிறது. தலைமை நிர்வாகியுடன் வாராந்தரச் சந்திப்பு, நிதி அலுவலருடன் வரவுசெலவு ஆய்வு, கேபினெட் எனப்படும் நிர்வாகக் குழுவுக்கு வரவிருக்கும் அறிக்கைகளின் வரைவு வாசிப்பு ஆகியவற்றை யார் படமெடுத்துப் போடுவார்கள்?

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கழுத்தில் பொற்சங்கிலி அணிந்து விழாக்களுக்கு வருபவர் பெரும்பாலும் மேயர். அது சடங்குப் பதவி. அதிகாரம் தலைவரிடமும் அவர் அமைக்கும் கேபினெட்டிடமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டில், தலைவரையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு மேல் கேபினெட்டில் இருக்க முடியாது. லண்டனின் ஹாக்னி, நியூஹாம் போன்ற சில இடங்களில் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயர் உண்டு. அங்கே மேயர்தான் நிர்வாகத் தலைவர். சில கவுன்சில்கள் கேபினெட் இல்லாமல் குழுக்களின் வழியாகவே இயங்குவதும் உண்டு.

ஆகவே தலைவரின் உண்மையான வாரத்தை அறிய விரும்பினால், படப் பதிவுகளை விட்டுவிட்டு, கேபினெட்டின் வருநாள் முடிவுப் பட்டியலைத் தேடிப் பாருங்கள். முக்கிய முடிவு எதையும் எடுப்பதற்கு 28 நாள்களுக்கு முன்பே அறிவிப்பு வெளியிட வேண்டும் என்பது 2012இன் விதி. அவசரத்துக்கு விலக்கு உண்டு என்றாலும் அதற்கும் காரணம் சொல்லியாக வேண்டும். எந்த நூலகத்தின் நேரம் குறையப் போகிறது, எந்த ஒப்பந்தம் யாருக்குப் போகப் போகிறது என்பதெல்லாம் அந்த வறண்ட பட்டியலில்தான் முதலில் தலைகாட்டும்.

இரண்டாம் பதில்:

முன்னவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் நிகழ்ச்சிகளை வெறும் படக்காட்சியாக ஒதுக்கிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் ஓர் உணவு வங்கியில் தன்னார்வலராக இருக்கிறேன். ஒருமுறை எங்களிடம் வந்த கவுன்சில் தலைவர் படமெடுத்து முடிந்த பின்னும் அரை மணி நேரம் தங்கி, புதிதாக வருபவர்களில் எத்தனை பேர், வருமானம் குறைந்தவர்களுக்கான கவுன்சில் வரிக் கழிவுக்குத் தகுதியிருந்தும் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டார். அதற்குப் பின்னர்தான் மாதம் ஒருமுறை ஓர் அலுவலர் எங்கள் கூடத்துக்கே வந்து விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கத் தொடங்கினார். எந்த அறிக்கையிலும் அந்தக் கேள்வி எழுந்திராது. கவுன்சில் தலைவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தலைவருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்றில்லை. உறுப்பினர் படியும் பொறுப்புப் படியும்தான். பொதுப் பணிக்கு நியாயமான அளவு விடுப்புக் கேட்க ஊழியருக்குச் சட்டம் உரிமை தந்தாலும், அந்த நேரத்துக்கு முதலாளி ஊதியம் தர வேண்டிய கட்டாயமில்லை.

மூன்றாம் பதில்:

ஒரு சிறு எச்சரிக்கை மட்டும். அந்த வாரக் குறிப்பு கவுன்சிலின் தளத்தில் வருகிறதா, கட்சியின் தளத்தில் வருகிறதா என்று பாருங்கள். கவுன்சில் தன் பணத்தில் கட்சி ஆதரவு தேட 1986ஆம் ஆண்டின் சட்டம் தடை விதிக்கிறது. தேர்தல் நெருங்கும் வாரங்களில் கட்டுப்பாடு இன்னும் இறுகும். அந்நாள்களில் தலைவரின் படங்கள் கவுன்சில் தளத்திலிருந்து திடீரென்று குறைந்தால் அவர் ஓய்வில் இருக்கிறார் என்று பொருளில்லை. வீட்டுக்கு வரும் தேர்தல் துண்டறிக்கையாக இருந்தால், அடியில் பொடி எழுத்தில் வெளியிட்டவரின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. கடவையைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லையே!

முதல் பதில் எழுதியவர்:

மன்னிக்கவும், என் விளக்கத்தில் உங்கள் கேள்வியை மறந்துவிட்டேன். மரம் நடும் இடத்தில் அவரிடம் பேசுவதில் முறைகேடு ஏதுமில்லை; ஆனால் அவர் தலையசைத்துவிட்டு உதவியாளரிடம் குறித்துக்கொள்ளச் சொல்வார், அவ்வளவுதான். முதலில் அந்தச் சாலை யார் பொறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பகுதியில் மாவட்டக் கவுன்சில், அதற்கு மேல் பெரிய பகுதிக்கான கவுண்டி கவுன்சில் என இரண்டு அடுக்குகள் இருந்தால், சாலை கவுண்டியினுடையது. மாவட்டத் தலைவர் விரும்பினாலும் அங்கே கோடு போட முடியாது. லண்டனில் என்றால் முதன்மைச் சாலைகள் நகரப் போக்குவரத்து அமைப்பினுடையவை, மற்றவை பெரும்பாலும் அந்தந்தப் பரோ (நகரின் உட்பகுதி) கவுன்சிலினுடையவை.

பொறுப்புள்ள கவுன்சிலில் உங்கள் வார்டு உறுப்பினர் நடத்தும் ‘சர்ஜரி’க்குச் செல்லுங்கள். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம், அது குறைகேட்பு நேரம்தான். பள்ளித் தலைமையாசிரியரின் கடிதமும், காலையும் மாலையும் அந்த இடத்தில் சாலையைக் கடக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் கையில் இருக்கட்டும். எத்தனை பேர் கடக்கிறார்கள், எத்தனை வண்டிகள் போகின்றன, முன்பு விபத்து நடந்திருக்கிறதா என்பவற்றைத்தான் பொறியாளர்கள் முதலில் கேட்பார்கள்.

கேள்வி கேட்டவர்:

இப்போதுதான் தேடிப் பார்த்தேன். அது கவுண்டியின் சாலையே. இத்தனை நாளாக வேறு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். திங்கள் காலை எண்ணத் தொடங்குகிறேன்.