நீலத் தொப்பி போட்ட நம்ம ஊர்க்காரர்கள்

திருமங்கலத்தான்:
போன வாரம் டி.கல்லுப்பட்டியில் ஒரு காதுகுத்து. மொய் எழுதும் மேசைக்குப் பின்னால் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. பெரியப்பா பட்டாள உடுப்பில் நிற்கிறார், தலையில் மட்டும் வெளிர்நீலத் தொப்பி. "இது எந்த ரெஜிமென்ட் தொப்பி பெரியப்பா?" என்றேன். "ரெஜிமென்ட் இல்லடா, ஐ.நா. அமைதிப்படை. காங்கோவுல போட்டது" என்றார். அப்புறம் மூன்று பந்தி முடிகிற வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.

கோமா என்ற ஊரில் இருந்திருக்கிறார். 2002-இல் எரிமலைக் குழம்பு ஊருக்குள்ளேயே இறங்கிய இடம். "தோண்டுனா மண்ணு வராது, கருங்கல்லுதான் வரும்" என்றார். சுவாஹிலியில் டீக்கும் சாய்தானாம், சப்பாத்திக்கும் சப்பாத்திதானாம். பட்டாளத்தில் கஷ்டப்பட்டுக் கற்ற இந்தி கடைசியில் ஆப்பிரிக்காவில்தான் உதவியது என்று ஒரே சிரிப்பு. காவல் பற்றிக் கேட்டபோதுதான் சிரிப்பு நின்றது. "எல்லையில எதிரி அந்தப் பக்கம் இருப்பான். அங்க எந்தப் பக்கமும் நம்ம பக்கம் கிடையாது. நம்ம உயிருக்கோ, நம்மள நம்பி வந்த சனத்துக்கோ ஆபத்துன்னாத்தான் சுடலாம். அதுவரைக்கும் நிக்கணும்."

உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது போயிருந்தால் எழுதுங்கள்.

மேலூர் மச்சான்:
எங்கள் தெருவில் ஒரு மாடி வீட்டுக்குக் 'காங்கோ வீடு' என்றே பேர். ஐ.நா. பணத்தில் கட்டியது என்று ஊரே பேசும். ஐ.நா. ஒரு வீரருக்கு மாதம் 1,400 டாலருக்குக் கொஞ்சம் மேல் கொடுக்கிறது, ஆனால் அது போவது அரசாங்கத்துக்கு. ஆள் கையில் வருவது சம்பளமும் வெளிநாட்டுப் படியும்தான். காங்கோ போய் வந்த அந்த வீட்டு அண்ணனிடமே கேட்டேன். "பாதி வீடு லோன் தம்பி, அதை ஏன் யாரும் பேச மாட்டேங்கிறாங்க?" என்றார்.

பாலமேட்டுத் தங்கச்சி:
என் அண்ணன் பட்டாளத்தில் கால்நடை மருத்துவப் பிரிவு. தெற்கு சூடானில் மலக்கால் என்ற ஊருக்குப் போனான். சண்டை நடக்கிற நாட்டில் மாட்டு ஆஸ்பத்திரி எதற்கு என்று அம்மா கேட்டது. அங்கே மாடுதான் சொத்து, பெண்ணுக்குப் பரிசமே மாடு, பாதிச் சண்டை மாட்டுக்காகத்தான் என்று போனில் விளக்கினான். கொம்பு ஒவ்வொன்றும் நம் வாடிவாசல் காளைக்கு இருப்பதைப் போல இரண்டு மடங்காம். கொசுவும் பூச்சியும் அண்டாமல் இருக்கச் சாணத்தை எரித்த சாம்பலை மாட்டுக்கும் பூசி, தாங்களும் பூசிக்கொள்வார்களாம். அனுப்பிய படத்தைப் பார்த்ததும் அம்மா, "அட, திருநீறு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த நாட்டைப் பற்றி அம்மா பயந்து பேசவே இல்லை. எனக்குத்தான் பயம். 2013 டிசம்பரில் அங்கே உள்நாட்டுச் சண்டை வெடித்து, ஆயிரக்கணக்கான சனம் ஐ.நா. முகாம்களுக்குள் ஓடி வந்தது. அந்த மாதமே அகோபோவில் முகாமைத் தாக்கியதில் நம் வீரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். அண்ணன் போனது அதற்கெல்லாம் பிறகுதான், என்றாலும் ராத்திரி போன் அடித்தால் வயிறு கலங்கும்.

பேரையூர் பெரிசு:
இப்போதுள்ள பிள்ளைகளுக்குக் காங்கோ என்றால் கோமாதான். முதல் தடவை நம்மவர்கள் போனது 1960-இல். 1961 டிசம்பர் 5 அன்று எலிசபெத்வில்லில் கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா சண்டையில் இறந்தார், பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். ஐ.நா. பணியில் அந்த விருது வாங்கியவர் அவர் ஒருவர்தான். இதுவரை ஐ.நா. பணியில் நாம் இழந்தது சுமார் 180 பேர். வேறு எந்த நாடும் இத்தனை பேரை இழக்கவில்லை. எங்கள் ஊர் டீக்கடையில் இதைச் சொன்னால், "நமக்கு எதுக்குண்ணே ஊரான் சண்டை?" என்கிறான். சரி, அவனிடம் என்ன பேச.

திருமங்கலத்தான்:
திருநீறு சமாச்சாரத்தைப் பெரியப்பாவிடம் போனில் படித்துக் காட்டினேன், ரசித்தார். அந்தத் தொப்பி இப்போது எங்கே என்று கேட்டேன். பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்குப் பேரன் போட்டுக்கொண்டு போய்த் தொலைத்துவிட்டானாம்.