சைலன்சர் வாயில் கரி: உங்கள் வண்டியில் என்ன காரணம்?

நெடுஞ்சாலை:
பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டி. எண்ணெய்ப் பிசுக்கே இல்லாத காய்ந்த கரி, தொட்டால் உதிரும். துடைத்தால் சீக்கிரமே மறுபடி படியும். மைலேஜும் இறங்கிவிட்டது. ஸ்கேனரில் பி0172 வந்தது, அதாவது கலவையில் பெட்ரோல் அதிகம். அதைப் பார்த்து ஒர்க்‌ஷாப்பில் பிளக்கை மாற்றினார்கள், அப்புறம் புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினார்கள். கரி அப்படியே இருந்தது.

வேறொரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகும் பையன்தான் கண்டுபிடித்தான். ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டரில் (பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) செருகியிருக்கும் மெல்லிய வேக்யூம் ஹோஸை உருவி என் பக்கம் நீட்டினான். குப்பென்று பெட்ரோல் வாடை. ஹோஸைச் சாய்த்ததும் ஒரு சொட்டு அவன் உள்ளங்கையில் விழுந்தது. அந்த ஹோஸில் பெட்ரோல் வரவே கூடாது. ரெகுலேட்டருக்குள் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்து, பெட்ரோல் இன்ஜெக்டர் வழியாகப் போகாமல் நேராக இன்டேக்குக்கு (காற்று உள்ளே போகும் வழி) போயிருக்கிறது. ரெகுலேட்டரை மாற்றினோம், கரி நின்றது. கையால் உருவிப் பார்க்கும் வேலையை முதல் இடத்தில் யாருமே செய்யவில்லையே என்பது இன்னும் உறுத்துகிறது.

மாலைவெயில்:
எனக்குக் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். டாஷ்போர்டு முள் சரியாக நடுவில் நிற்கிறது, ரேடியேட்டர் ஹோஸைத் தொட முடியாத சூடு. ஸ்கேனர் திரையில் மட்டும் கூலன்ட் பன்னிரண்டு டிகிரி! என் வண்டியில் முள்ளுக்குத் தனி சென்சார், கம்ப்யூட்டருக்குத் தனி சென்சார். இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. சின்ன சென்சார், மாற்றுவதும் சுலபம். ஆனாலும் எல்லோரும் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் அடைத்திருக்கும்.

இரவுப்பயணி:
மாலைவெயில், ஏர் ஃபில்டர் விஷயத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்ஜெக்‌ஷன் வண்டியில் உள்ளே வரும் காற்றுக்கு ஏற்றபடிதான் பெட்ரோல் போகும். ஃபில்டர் அடைத்தால் இழுவை குறையும், கரி கக்காது.

என் வண்டியில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் (இன்ஜினோடு புகைக்குழாய் சேரும் இடத்துச் சீல்) போயிருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்று சத்தம், சூடானதும் நின்றுவிடும். அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போய், ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பார்த்து பெட்ரோல் குறைவு என்று ஏமாந்திருக்கிறது, கம்ப்யூட்டரும் பெட்ரோலைக் கூட்டியிருக்கிறது.

பார்ட்ஸ் மாற்றும் முன் எல்லோரும் ஒன்று செய்யுங்கள். ஸ்கேனரில் ஃப்யூயல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் எண்) பாருங்கள். கம்ப்யூட்டர் பிடிக்கப் பார்ப்பது ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று (எடைக் கணக்கு). டிரிம் நன்றாக மைனஸில் இருந்தால் எங்கிருந்தோ நிஜமாகவே கூடுதல் பெட்ரோல் வருகிறது, கம்ப்யூட்டர் குறைக்கப் போராடுகிறது என்று அர்த்தம். ஒழுகும் இன்ஜெக்டர், ரெகுலேட்டர், கேனிஸ்டர் பர்ஜ் வால்வு (டேங்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு விடும் வால்வு) ஆகியவற்றைப் பாருங்கள். கரியும் இருந்து டிரிம் பிளஸ்ஸில் நின்றால் சென்சார் ஏமாறுகிறது. மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் போவது) ஆனாலும் இப்படி வரும், எரியாத ஆக்ஸிஜன் அப்படியே வெளியே போகுமே. டிரிம் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை என்றால் கம்ப்யூட்டர் ஆக்ஸிஜன் சென்சாரையே கேட்கவில்லை. அப்போது கூலன்ட் சென்சார், திறந்தபடி மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட் பக்கம் போங்கள்.

அப்புறம் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஆயில் நீர்த்துவிட்டது. ரிப்பேர் முடிந்ததும் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். ரிப்பேரைத் தள்ளிப்போட்டால் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) சூடேறிப் போய்விடும். இதையெல்லாம் மூடிய கராஜில் இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

புதுவண்டி:
என்னுடையது நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோல். வாங்கிய புதிதிலேயே குழாய்க்குள் மெல்லிய கரி. பயந்துபோய்க் கொண்டு போனேன். டிரிம், பிளக் எல்லாம் சரியாக இருந்தது. இந்த வகை இன்ஜினில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் காற்றோடு கலக்க நேரம் குறைவு, கொஞ்சம் கரி வரத்தான் செய்யும் என்றார்கள். பின் பம்பரில் படிந்தால் துடைத்துவிடுகிறேன், அவ்வளவுதான்.

டீசல்பிரியன்:
எல்லோரும் பெட்ரோலையே பேசுகிறீர்கள். டீசலில் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இருக்கிற வண்டி என்றால் குழாய்க்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடையுங்கள். ஏறக்குறைய சுத்தமாக வர வேண்டும். எனக்கு மை போலக் கறுப்பாக வந்தது. செகண்ட்ஹேண்ட் வண்டி. தூக்கி நிறுத்திப் பார்த்தபோது டிபிஎஃப் உறையை அறுத்துத் திரும்ப வெல்டு செய்த தழும்பு ஒரு சுற்று முழுக்க ஓடியது. உள்ளே ஃபில்டரே இல்லை. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாலைவெயில்:
இரவுப்பயணி, இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு நீங்கள் சொன்னது சரி. ஆனால் இங்கே படிக்கிறவர்களில் கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஃபில்டரும், பாதியில் மாட்டிக்கொண்ட சோக்கும்தான் முதலில். அதனால் என் வரியை நீக்க மாட்டேன். கரி ஈரமாக, பிசுபிசுவென்று இருந்தால் அது ஆயில் எரிகிற கதை. வால்வு சீல், பிஸ்டன் ரிங் பக்கம் போக வேண்டும், டிரிம் எண் அதைச் சொல்லாது.

நெடுஞ்சாலை:
இரவுப்பயணி சொன்னதும் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தேன். வாடை இருக்கிறது, ஆயில் அளவும் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. ரெகுலேட்டர் மாற்றியபோது ஆயிலைத் தொடவில்லை. நாளைக்கே ஆயிலும் ஃபில்டரும் மாற்றக் கொடுக்கிறேன்.