அடிக்கடி விழுந்த அடுப்படி விசை

ஜெலுத்தோங், பினாங்கு

எங்களுடையது பழைய டெரஸ் வீடு. பின்புறம் சமையலறையை நீட்டிக் கட்டியபோது, வேலை எடுத்தவர் புதிய பிளக் பாயிண்டுகள் அத்தனையையும் பழைய அடுப்படி வயரிலிருந்தே இழுத்துவிட்டார் என்பது பல ஆண்டுகளாக எங்களுக்குத் தெரியாது. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில், பலகாரமும் கேக்கும் ஒரே நேரத்தில் தயாரான நாள்களில்தான், வீட்டுக்கு வரும் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிபி பெட்டியில் ஒரு 20 ஆம்பியர் எம்சிபி, அதாவது சுமை மிகும்போது தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் விசை, அடிக்கடி விழத் தொடங்கியது.

எங்களைக் குழப்பியது அது விழுந்த நேரமே. எல்லாவற்றையும் போட்ட உடனே விழாது. சில நிமிடங்கள் கழித்து, அம்மா ஓவன் கதவைத் திறந்து மூடும் வேளையில் விழும். ஆகவே பழி ஓவன் மீது விழுந்தது. பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிச் சென்றோம், ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு வந்த வயர்மேன், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவர், ஒவ்வொரு சாதனத்தின் அடியிலும் ஒட்டியிருந்த எண்ணைப் படிக்கச் சொன்னார். ஓவன் 2000 வாட், ஏர் ஃபிரையர் 1500, ரைஸ் குக்கர் 700, கெட்டில் 2200. கூட்டினால் 6400 வாட். நம் நாட்டு 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 28 ஆம்பியர். சுமை சற்றே மிகும்போது எம்சிபிக்குள் இருக்கும் உலோகத் தகடு மெல்லச் சூடேறி வளைந்த பிறகுதான் விசை விழும் என்றும், ஷார்ட் சர்க்கியூட் ஆனால் மட்டுமே நொடியில் விழும் என்றும் அவர் விளக்கினார். அந்தத் தாமதம்தான் பாவம், ஓவனைக் குற்றவாளியாக்கியிருந்தது.

கெட்டிலை மட்டும் வரவேற்பறைப் பாயிண்டுக்கு மாற்றியதும் சுமை சுமார் 18 ஆம்பியராகக் குறைந்தது. பண்டிகை முடிந்தபின் பெட்டியிலிருந்து தனி எம்சிபியுடன் புதிய வயர் இழுத்து, நீட்டிய பகுதியைப் பிரித்துக் கொடுத்தார். பழைய பாயிண்டு ஒன்றைக் கழற்றியபோது ஒரு திருகு தளர்ந்து, வயரின் உறை பழுப்பேறியிருந்தது. அதைப் பார்த்த அப்பா அன்று முழுவதும் அதிகம் பேசவில்லை.

செந்தூல், கோலாலம்பூர்

உங்கள் வீட்டு எம்சிபி விழுந்ததை நினைத்து நான் பொறாமைப்படுகிறேன். நாங்கள் வாடகைக்கு இருந்த அடுக்குமாடி வீட்டில் அது விழவே இல்லை, ஏனெனில் முன்பு குடியிருந்த யாரோ தொல்லை பொறுக்காமல் 20 ஆம்பியர் இருந்த இடத்தில் 32 ஆம்பியர் விசையை மாட்டிவிட்டிருந்தார்கள். உள்ளே ஓடியது ஒற்றை வழியாகச் செல்லும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். இரு முனைகளும் பெட்டிக்கே திரும்பும் வளைய இணைப்பாக இருந்திருந்தால் 32 ஆம்பியர் முறையானதே. ஒற்றை வழிக்கு அது மிக அதிகம். எம்சிபி காப்பாற்றுவது சாதனத்தை அல்ல, சுவருக்குள் இருக்கும் வயரை என்பதை, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்த இரவில்தான் புரிந்துகொண்டேன். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு விடியும்வரை இருட்டில் இருந்தோம். மறுநாள் வந்த வயர்மேன் புதிய விசையை மாட்டுவதற்கு முன் வயரின் பருமனையே முதலில் பார்த்தார்.

ஜார்ஜ் டவுன், பினாங்கு

எங்கள் வீட்டில் மழை நாள்களில் மட்டும் கரண்ட் போகும். அதிகச் சுமை என்று எண்ணி ஒவ்வொரு சாதனமாகக் குறைத்துப் பார்த்தோம், பயனில்லை. விழுந்தது எம்சிபி அல்ல, பலர் இன்னும் இஎல்சிபி என்றே அழைக்கும் மின்கசிவு விசை என்பதை யாரும் கவனிக்கவில்லை. வாசல் விளக்கில் தண்ணீர் இறங்கியிருந்தது.

ஜெலுத்தோங், பினாங்கு

செந்தூல் நண்பரின் அனுபவத்தைப் படித்ததும் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அடுப்படி விசைகள் இரண்டிலும் 20 என்றே பொறித்திருக்கிறது.