எனர்ஜைசர்: மின்னூட்டி வேண்டாம், துடிப்பூட்டி என்போம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

விலங்குகளைத் தடுக்கும் மின்வேலிக் கம்பிக்கு மின்சாரம் தரும் பெட்டிதான் எனர்ஜைசர். அதற்கு ‘மின்னூட்டி’ என்று வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. கையேட்டில் அந்தச் சொல்லைப் பார்க்கும் விவசாயி, பேட்டரி சார்ஜர் என்றுதான் எடுத்துக்கொள்வார். பேட்டரியில் ஓடும் வேலிப் பெட்டியை ஒருபோதும் வீட்டு மின்சாரத்தோடு நேரடியாக இணைக்கக் கூடாது. சார்ஜ் போடும்போது பேட்டரியைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட வேண்டும். இதைச் சொல்ல வேண்டிய இடத்திலேயே சொல் குழப்பினால் உயிருக்கு ஆபத்து.

பெட்டி செய்யும் வேலையைப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுத்துச் சேமித்து, சில ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி, கம்பியில் தட்டிவிடுகிறது. ஒரு தட்டு, ஏறக்குறைய ஒரு விநாடி இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. பக்கத்தில் நின்றால் ‘டக்... டக்...’ என்று கேட்கும். ஒவ்வொரு தட்டும் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை. தொட்ட விலங்கு உதறிக்கொண்டு விலக அந்த இடைவெளிதான் வழி விடுகிறது. ஆகவே துடிப்பூட்டி. வேலிக்குத் துடிப்பு வேலி. நாடித்துடிப்பு தெரிந்த யாருக்கும் விளக்கவே வேண்டாம். நீலகிரியின் பந்தலூர், சேரம்பாடி பக்கம் எல்லை தாண்டி, மலையாளம் பேசும் வயநாட்டுக்காரரிடம் சொன்னாலும் துடிப்பு, வேலி இரண்டும் அவருக்கும் புரியும்.

‘மின்வேலி இருக்க இன்னொரு சொல் எதற்கு?’ என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் பக்கம் வாழைக்கும் இஞ்சிக்கும் முறையாகப் போடும் சோலார் வேலியும் கரண்ட் வேலிதான். லைனில் கொக்கி போட்டுப் பாய்ச்சும் கம்பியும் கரண்ட் வேலிதான். பின்னதில் 230 வோல்ட் இடைவிடாமல் ஓடும். தசை இறுகிக்கொள்ளும், கையை எடுக்க முடியாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் செத்தது இப்படிச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியில். செய்தியில் ‘மின்வேலி’ என்றே படித்தோம். அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்த விதிகள் கொண்டுவந்தது. சட்டம் பிரித்துப் பார்ப்பதைச் சொல்லும் பிரித்துக் காட்ட வேண்டும். கொலைக் கம்பிக்கு ‘திருட்டு மின்கம்பி’ என்றே எழுதலாம், வேலி என்ற மரியாதை அதற்கு வேண்டாம்.

கம்பத்துக்கு மின்சாரம் கசியாமல் கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டரின் பெயரை அப்படியே விட்டுவிடலாம், கடையில் அப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் மண்ணில் அடிக்கும் உலோகத் தண்டான எர்த் ராடுக்கு நல்ல சொல் அவசியம், ஏனென்றால் வேலி வேலை செய்யாமல் போவது பெரும்பாலும் அங்கேதான். கம்பியிலிருந்து விலங்கின் உடல் வழியாக மண்ணுக்கு இறங்கும் மின்சாரம், ராடு வழியாகத்தான் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். மண் காய்ந்துவிட்டால் சுற்று முழுமையாகாது, யானை கம்பியைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் ஈரமுள்ள இடமாகப் பார்த்து, சுமார் பத்தடிக்கு ஒன்றாக மூன்று ராடாவது அடிக்க வேண்டும். வீட்டு எர்த்திலிருந்து குறைந்தது பத்து மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். மழைக்காலத்தில் சிக்கல் வேறு: ஈரப் புல் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும். இரவில் போனால் இலை நுனியில் நீலப் பொறி தெரியும். பெட்டியை நிறுத்திவிட்டுத்தான் அந்தப் புல்லை வெட்ட வேண்டும்.

மாடு கட்ட அடிப்பதை முளை என்கிறோமே, அப்படியானால் இதற்கு ‘மண்முளை’ பொருந்துமா? ‘புவித்தொடுப்புத் தண்டு’ என்பதைக் காட்டில் நின்று யாரும் சொல்லப் போவதில்லை. மறுப்பு இருந்தால் எழுதுங்கள். முள்கம்பியில் துடிப்பு கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையையும் சேர்த்து, வேலியில் மாட்டும் பலகையின் வாசகத்தை அடுத்த மடலில் அனுப்புகிறேன்.