வலி கைக்கு, எனக்கு இல்ல: உடம்பு அந்நியமாகத் தோன்றுபவர்களை பெங்களூருவில் சந்தித்தவர்கள் எழுதுங்கள்

அல்சூர் கவுன்சலர்:
ரெண்டு வாரமா மனசை விட்டுப் போகலை, அதான் எழுதுறேன். எஜிபுரா பிஜியில தங்கி நைட் ஷிஃப்ட் போற பையன், 23 வயசு, சேலம் பக்கம். மேஜை மேல வலது கையை விரிச்சு வச்சு, ஒவ்வொரு விரல் கணுவா அழுத்திக்கிட்டே பேசினான். "வலிக்குது அக்கா. ஆனா வலி கைக்கு, எனக்கு இல்ல."

தனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சுன்னு முடிவே பண்ணிட்டு வந்திருந்தான். அவன் பேச்சுல 'மாதிரி'ங்கிற சொல் எத்தனை தடவை வந்துச்சுன்னு கவனிச்சேன். கை என்னோடது இல்லாத மாதிரி, கண்ணாடிக்குப் பின்னால நிக்கிற மாதிரி. இந்த விலகலுக்கு டிபர்சனலைசேஷன்னு பேர். அந்த 'மாதிரி' இருக்கிற வரைக்கும் நிஜம் எதுன்னு அவனுக்குத் தெரியுது. 'என் கையை வேற யாரோ ஆட்டுறாங்க'ன்னு உறுதியா சொன்னா அது வேற வழக்கு, உடனே மனநல மருத்துவர்கிட்ட அனுப்பணும்.

தொடர்ந்து நைட் ஷிஃப்ட், பகல்ல நாலு மணி நேரத் தூக்கம், எனர்ஜி டிரிங்க், அப்புறம் லிஃப்ட்ல ஒரு பதற்றம். பதற்றத்துல மூச்சு வேகமாகும்போது ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும், மூளைக்குப் போற ரத்தக் குழாய் சுருங்கும். உதட்டைச் சுத்தி மரமரப்பு, விரல் நுனியில குறுகுறுப்பு, கூடவே இந்த விலகல். நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே, மூக்கு வழியா, அஞ்சு நிமிஷம். காகிதப் பையில மூச்சு விடச் சொல்லாதீங்க. ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தா ஆபத்து. கையில ஐஸ் கட்டி வச்சுக்கச் சொன்னேன்.

மனநலப் பிரிவு நர்ஸ்:
மூச்சு சரி. ஐஸ் கட்டியை ஒத்துக்க மாட்டேன்.

முதல் பதற்றத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். தினம் கொடுத்தால் அதுவே 'உடம்பு திரும்பிடுச்சா' என்று பார்க்கிற இன்னொரு சோதனை ஆகிவிடும். அந்தப் பையன் கணுவை அழுத்தினானே, நோயை உயிரோடு வைத்திருப்பதே அந்த அழுத்தல்தான். வார்டில் கல்லூரிப் பெண் ஒருத்தி மணிக்கு ஒரு தடவை போனில் அலாரம் வைத்து கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். எந்த முகத்தையும் ரெண்டு நிமிடம் வெறித்துப் பார்த்தால் அந்நியமாகத் தெரியலாம். அதையே ஆதாரமாக எடுத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். கண்ணாடியின் மேல் துண்டைப் போட்ட அன்று அவள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

சோதிப்பதைத் தடை செய்யாதீர்கள், எண்ணச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று சின்ன நோட்டில் கோடு போடட்டும். அடுத்த வாரம் ஒவ்வொரு சோதனையையும் பத்து நிமிடம் தள்ளிப் போடட்டும். அந்தப் பத்து நிமிடத்தில் வெளியே கவனம் வைக்கிற வேலை வேண்டும்: வெங்காயம் நறுக்குவது, கடைக்காரரிடம் விலை கேட்பது. உணர்வு இருக்கட்டும், வேலை நடக்கட்டும். அறிதல்-நடத்தை சிகிச்சையில் இதற்குச் செய்வதன் மையமே இதுதான்.

மாத்திரை கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. 2004இல் வெளியான, ஃப்ளூவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரையின் சோதனையில் அது வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. கூடவே பதற்ற நோயோ மனச்சோர்வோ இருந்தால் அதற்கு மருந்து உண்டு, அது குறைய இதுவும் தளரும். டிபர்சனலைசேஷன் என்ற பெயர் 1898இலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது, நூறு பேரில் ஒருவர் இருவருக்கு இது நீடித்த தொல்லையாகவே இருக்கிறது. ஆனாலும் பல வருடம் பெயர் தெரியாமல் அலைந்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

ஈஈஜி (மூளை மின்னலைப் பதிவு) அறை:
மேலே ரெண்டு பேரும் மனசோட நிறுத்திட்டீங்க. அதுதான் எனக்குப் பயம்.

ஓசூர்லேர்ந்து வந்தவர், 46 வயசு, லேத் வேலை. "என்னை விட்டு நான் நகர்ந்து நிக்கிறேன்"னுதான் அவரும் சொன்னார். பதற்றம்னு சொல்லி எட்டு மாசம் ஓட்டியிருக்காங்க. தலையில ஒயர் ஒட்டிக்கிட்டிருக்கும்போது அவர் சம்சாரம் சாதாரணமா சொன்னாங்க: "அப்போ சட்டைப் பட்டனைத் தடவிக்கிட்டே இருப்பாரு. வாயில எதையோ சப்புக்கொட்டுவாரு. கேட்டா ரப்பர் கருகின வாடைன்னுவாரு."

இது நெற்றிப்பொட்டுப் பக்க மூளை மடல்லேர்ந்து வர்ற வலிப்பா இருக்கலாம்னு சந்தேகப்படணும். அரை நிமிஷத்துலேர்ந்து ரெண்டு நிமிஷம், ஒவ்வொரு தடவையும் அச்சு மாறாம ஒரே மாதிரி வரும். வயித்துலேர்ந்து ஒரு அலை மேல எழும்பும், இல்லாத வாடை வரும், முடிஞ்சதும் கொஞ்ச நேரம் திக்குத் தெரியாது. கை கால் வெட்டி இழுக்கணும்னு இல்ல. பதற்றம் அப்படி இல்ல, பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போய் மெல்ல இறங்கும். கவுன்சலர் சொன்ன பையனுக்கு மாதிரி நாள்கணக்கா விடாம இருக்கிறது வலிப்பா இருக்க வாய்ப்பு குறைவு. நாப்பது வயசுக்கு மேல முதல் தடவையா வந்தா மூளை, தூக்கம், மருந்து எல்லாத்தையும் பார்க்காம மனசுன்னு முத்திரை குத்தக் கூடாது.

2002ல ஜெனீவாவுல வலிப்பு நோயாளி ஒருத்தரோட வலது பக்க மூளையில, நெற்றிப்பொட்டுக்கும் உச்சிக்கும் இடைப்பட்ட இடத்துல லேசா மின்சாரம் கொடுத்தப்ப, அவர் மேலேர்ந்து தன் உடம்பையே பார்த்தார். அந்த இடம் தடுமாறினா இப்படி ஆகலாம்.

ஈஈஜிக்கு வர்றவங்க முந்தின நாள் தலைக்குக் குளிச்சு, எண்ணெய், ஜெல் எதுவும் தடவாம வாங்க. எண்ணெய் இருந்தா எலெக்ட்ரோட் வழுக்கும், அலையில இரைச்சல் ஏறும், மறுபடி ஒட்டணும். தூங்காம வரச் சொல்லியிருந்தா நிஜமாவே தூங்காம வாங்க, வண்டி மட்டும் ஓட்டாதீங்க. வலிப்பு மாத்திரையை நீங்களா நிறுத்த வேண்டாம். முதல் ஈஈஜி சுத்தமா வந்தாலும் வலிப்பு இல்லைன்னு ஆகாது. அதனால அடுத்த தடவை வரும்போது வீட்டுல ஒருத்தர் போன்ல வீடியோ எடுங்க, முகமும் ரெண்டு கையும் தெரியணும், கடிகாரத்தையும் காட்டுங்க. பல தடவை எங்க காகிதத்தைவிட அந்த வீடியோ டாக்டருக்கு உதவும்.

இன்னொண்ணு. மூணு நிமிஷம் வேகமா மூச்சு விடச் சொல்லுவோம். அப்போ சிலர் "இதேதான், இதேதான்"னு கத்துவாங்க, அலையில வலிப்பு இருக்காது. அங்கே கவுன்சலர் சொன்னது சரி.

மடிவாளா பிசியோ:
காதை யாருமே சொல்லவில்லையே. இது என் கை, நான் இங்கே நிற்கிறேன் என்பதை மூளை கண், தொடுகை, மூட்டு, உள்காது எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்துத்தான் சொல்கிறது. 1998இல் ஒரு ரப்பர் கையையும், மறைத்து வைத்த நிஜக் கையையும் ஒரே தாளத்தில் தூரிகையால் வருடினார்கள். கொஞ்ச நேரத்தில் ரப்பர் கையைத் தன் கையாக உணர்ந்தார்கள். கணக்கு அவ்வளவு எளிதில் பிசகும். உள்காது தவறான தகவல் அனுப்பினாலும் அதேதான்.

மெட்ரோ எஸ்கலேட்டரில் கம்பியை விடாமல் நின்ற ஒரு ஆசிரியை: "கால் நடக்குது, நான் பின்னாடி வர்றேன்." படுக்கையில் புரண்டால் சுற்றுகிறதா என்று கேட்டதும் ஆமாம் என்றார். தலையை 45 டிகிரி திருப்பிச் சட்டென்று படுக்க வைத்தோம். சில நொடியில் கருவிழி துடித்தது, ஒரு நிமிடத்துக்குள் நின்றது. உள்காதில் சமநிலைக்கு உதவும் சின்னப் படிகம் இடம் மாறியிருந்தது. எப்லி முறையில் தலையைத் திருப்பித் திருப்பி அதைத் தன் இடத்துக்குக் கொண்டுபோனோம். கழுத்துத் தேய்மானம் உள்ளவர்கள் இதை வீடியோ பார்த்துத் தாங்களே செய்ய வேண்டாம்.

சிவாஜிநகர் மருந்தாளுநர்:
சுருக்கமா. கஞ்சா, டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் சிரப்பை அளவுக்கு மேல குடிக்கிறது, அல்பிரசோலம், குளோனசெபம் மாதிரி பதற்ற மாத்திரையைத் திடீர்னு நிறுத்துறது. இந்த மூணாலயும் இந்த விலகல் வரலாம். மூணையும் நேரடியா கேளுங்க, அம்மா அப்பாவை வெளியே அனுப்பிட்டுக் கேளுங்க. அந்த மாத்திரையை டாக்டர் மேற்பார்வையில மட்டும்தான் படிப்படியா குறைக்கணும். திடீர்னு விட்டா வலிப்பே வரலாம்.

மனநலப் பிரிவு நர்ஸ்:
இன்னொன்றும் கேளுங்கள், தியானம். நாள் முழுக்கக் கண் மூடி உட்கார்ந்த பிறகு சிலருக்கு இது வருகிறது. விரும்பித் தியானத்தில் தேடிப் போகிற விலகலை மருத்துவம் நோய் என்று சொல்வதில்லை. எழுந்த பிறகும் விடாமல் பயமுறுத்தினால் கண் மூடும் பயிற்சியை நிறுத்திவிட்டு, கண் திறந்து நடக்கச் சொல்லுங்கள். கூடு விட்டுக் கூடு பாய்கிறது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அவர்களோடு வாதாட வேண்டாம், தூக்கத்தை மட்டும் சரி செய்யச் சொல்லுங்கள். இரவில் தனியாகப் பயந்து கிடப்பவர்களுக்கு அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

அல்சூர் கவுன்சலர்:
ஐஸ் கட்டியை நிறுத்திடுறேன், நோட்டு கொடுக்கிறேன். விடாம இருக்கிறதுக்கு நடுவுல, சின்னதா, ஒரே மாதிரி ஏதாவது வந்து போகுதான்னு நான் கேட்கவே இல்ல. வாடை, உதடு, பட்டன் எதையும் கேட்கல. அவனோட அறையில தங்குற பையனும் அதே ஷிஃப்ட்தான். சனிக்கிழமை ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கேன்.